நம்மூரில் இல்லாததா!

காசி, கயா போகும் எந்த வேனிலும் அவர் ஒருத்தர் இருப்பார். கயாவில் பிண்டம் போட்டு முடிந்து ஒரு பகல் மிச்சம் இருக்கிறது, நாளந்தாவையும் ராஜ்கிரையும் பார்த்துவிடலாமா என்று யாராவது கேட்டால், முதலில் கை தூக்குகிறவர் அவர்தான். போய் இறங்கியதும் முதலில் உதட்டைப் பிதுக்குகிறவரும் அவர்தான்.

எங்கள் வேனில் அவர் தென்காசி அண்ணாச்சியாக வந்து சேர்ந்தார்.

நாளந்தாவில் டிக்கெட்டைக் காட்டி உள்ளே நுழைந்து அரை நிமிஷம் ஆகியிருக்காது. “என்னவே இது, வெறும் செங்கலால்லா கெடக்கு! நம்ம தஞ்சாவூர்ல அண்ணாந்து பாத்தா கழுத்து சுளுக்கிக்கிடும்.”

தஞ்சைப் பெரிய கோயில் எழுவதற்கு ஐந்நூறு வருஷங்களுக்கும் முன்பே, குமாரகுப்தன் காலத்தில் தொடங்கிய மகாவிகாரை இது. பாலைவனமும் பனிமலையும் தாண்டி வந்து யுவான் சுவாங் படித்த இடம். 2016இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. கைடு இத்தனையும் இந்தியில் சொல்லி முடித்ததும், அண்ணாச்சி அவருக்கே தமிழில் பதில் சொன்னார்: “எங்க ஊர்ல எல்லாம் கருங்கல்லு.” கைடு பயபக்தியோடு தலையாட்டினார்.

பிக்குகளின் அறைகளைப் பார்த்தோம். நடுவே முற்றம், சுற்றிலும் வரிசையாகச் சின்னச் சின்ன அறைகள். அண்ணாச்சி ஒன்றின் வாசலில் நின்று இரண்டு கைகளையும் விரித்து அளந்தார். “திருவல்லிக்கேணி மேன்ஷன்ல நான் இருந்த ரூம் இதவிடப் பெருசு. ஃபேனும் உண்டும்.” அடுத்து சுவரை நகத்தால் சுரண்டினார். “இது புதுச் செங்கல்லா! ஏமாத்துதான் வே.” சுவர்களைக் காப்பாற்றத் தொல்லியல் துறை சில இடங்களில் புதுச் செங்கல் வைத்துக் கட்டியிருப்பது வாஸ்தவம். இந்த மாதிரி ஆட்களிடம் நமக்குப் பெரிய தொந்தரவே, பத்தில் ஒன்று சரியாக இருந்து தொலைப்பதுதான்.

நானும் விடவில்லை. “அண்ணாச்சி, நம்ம காஞ்சிபுரத்துக்காரர் தர்மபாலர் இங்கே தலைமை ஆசானாக இருந்திருக்கிறார். அவருடைய சீடர் சீலபத்திரரிடம்தான் யுவான் சுவாங்கே பாடம் கேட்டார்.” மனுஷர் பூரித்துப்போவார் என்று எதிர்பார்த்தேன். ஒரு நிமிஷம் யோசித்தார்.

“காஞ்சிபுரம் எப்படிவே நம்மூராகும்? அது வடக்கல்லா இருக்கு!”

இதையெல்லாம்கூடச் சிரித்துவிட்டுப் போய்விடலாம். மன்னிக்க முடியாதது வேறு. இருபதே நிமிஷத்தில் ‘பாத்தாச்சி’ என்று வேனில் போய் உட்கார்ந்து, டிரைவரை ஹாரன் அடிக்கச் சொன்னார். எதிர்ச்சாரியில் அருங்காட்சியகம். அங்கே, தோண்டும்போது கிடைத்த கருகிய அரிசியை வைத்திருக்கிறார்கள். அதைப் பார்க்கத்தான் நான் வந்ததே. ஹாரன் நிற்கவில்லை. மதினி வந்து, “வாங்க தம்பி, அவுகளுக்கு பிரஷர் ஏறிரும்” என்று கெஞ்சினார். அரிசியைப் பார்க்காமலே வண்டி ஏறினேன். ஒருத்தருக்குப் பிடிக்கவில்லை என்பதற்காகப் பன்னிரண்டு பேர் காசு கொடுத்து அரைகுறையாகப் பார்க்க வேண்டும் என்பது என்ன நியாயம்?

வழியில் சிலாவில் இறங்கி காஜா வாங்கினோம். புவிசார் குறியீடு பெற்ற பண்டம். ஏடு ஏடாகப் பிரிந்து வாயில் கரைகிறது. “அல்வா கால் தூசி பெறாது” என்றபடியே அரைக் கிலோவைத் தீர்த்தார்.

ராஜ்கிரில் வைபார மலையடிவாரத்தில் வெந்நீர் ஊற்றுகள். மழைத்தண்ணீர் பாறைப் பிளவுகளில் ஆழமாக இறங்கி, பூமிச்சூட்டில் காய்ந்து மேலே வருகிறது. பிரம்மகுண்டத்தில் சுமார் 45 டிகிரி. “சுடுதண்ணிக்கா இவ்வளவு தூரம்? வீட்லதான் கீசர் கெடக்கே. குளிக்கதுன்னா குத்தாலம்...” என்று பேசிக்கொண்டே துண்டைக் கட்டிக்கொண்டு சப்ததாராவில் ஒரு தாரைக்கு அடியில் போய் நின்றார்.

பேச்சு நின்றது.

கயாவிலிருந்து பிடித்துக்கொண்டு வந்த தோள்பட்டையைத் தண்ணீருக்குக் கொடுத்துவிட்டு, கண்ணை மூடி, வாயைப் பாதி திறந்து நின்றார். பின்னால் நின்றவர்கள் போஜ்புரியில் திட்டினார்கள், அசையவில்லை. அந்த முகத்தைப் பார்த்ததும் என் கோபத்தில் பாதி இறங்கிவிட்டது. மதினி குரல் கொடுத்த பிறகுதான் வெளியே வந்தார்.

“எப்படி இருந்துது அண்ணாச்சி?”

தலையைத் துவட்டிக்கொண்டே சொன்னார்: “குத்தாலத்துல சீசன் இல்லாத மாசத்துக்கு இப்படி ஒண்ணு இருந்தா கொள்ளாம்.”

நாளந்தா போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. மற்ற நாளில் போனால் முதலில் அதைப் பார்த்துவிடுங்கள். உங்கள் வேனிலும் ஓர் அண்ணாச்சி இருப்பார். முடிந்தால் அவரைத் தனி ஆட்டோ பிடித்து முன்கூட்டியே வெந்நீருக்கு அனுப்பிவிடுங்கள்.