கிலோவுக்கு 71 மில்லிகிராம் புத்திமதி

புனே படித்தவர்களின் ஊர். சந்தேகமிருந்தால் ஏதாவதொரு நட்சத்திர ஓட்டலுக்குள் எட்டிப் பாருங்கள். ‘சத்துமிகு பயிர் ரகங்களைச் சிறு விவசாயிகள் ஏன் ஏற்பதில்லை?’ என்று பேனர் தொங்கும். ஏசிக் குளிரில் நிபுணர்கள் கம்பின் மகிமையைப் பேசுவார்கள். டீயோடு கம்பு பிஸ்கட் வரும். மதியத்துக்குப் பாஸ்மதி புலாவ் வரும். ‘விவசாயிகளுக்கு விழிப்புணர்வு போதாது’ என்று ஒருமனதாகத் தீர்மானம் போட்டு, பையும் பேனாவும் வாங்கிக்கொண்டு கலைவார்கள். விவசாயியை மட்டும் யாரும் அழைத்திருக்க மாட்டார்கள்.

அந்த விழிப்புணர்வில்லாத ஆள் புனே மாவட்டத்து ஷிரூர் பக்கம் ஒரு விதைக்கடையில் நிற்கிறார். இரண்டு ஏக்கர் மானாவாரி. ஏக்கருக்கு எத்தனை மூட்டை காணும்? மழை பத்து நாள் தள்ளிப்போனால் தாங்குமா? அடிச்சாம்பல் நோய் வருமா? தட்டையை மாடு தின்னுமா? எத்தனை நாளில் அறுக்கலாம்? இவ்வளவும் கேட்பார், இரும்பு எத்தனை மில்லிகிராம் என்று கேட்க மாட்டார். ஏன் கேட்க வேண்டும்? இரும்பு கண்ணுக்கும் தெரியாது, நாக்குக்கும் தெரியாது. மண்டி வியாபாரி ஒரு பிடி கம்பை அள்ளுவார், ஊதித் தூசி பார்ப்பார், இரண்டு மணியைக் கடித்து ஈரம் பார்ப்பார், எடை போடுவார். சத்தை அளக்கும் பல் அவருக்கு இன்னும் முளைக்கவில்லை.

விஞ்ஞானிகளைக் குறை சொல்வதற்கில்லை. சர்வதேசப் பயிர் ஆய்வு நிலையமான இக்ரிசாட்டும் ராஹுரியின் மகாத்மா பூலே வேளாண் பல்கலைக்கழகமும் சேர்ந்து, 2012இல் மகாராஷ்டிரத்தில் ‘தனசக்தி’ கம்பை வெளியிட்டன. கிலோவுக்குச் சுமார் 71 மில்லிகிராம் இரும்பு. ஒட்டு ரகமும் அல்ல. விளைந்ததிலிருந்தே விதை எடுத்து வைக்கலாம். மகாராஷ்டிரப் பள்ளிப் பிள்ளைகளுக்கு இரும்புச்சத்து மிகுந்த கம்பில் பாக்ரி ரொட்டி தட்டிக் கொடுத்துப் பார்த்தார்கள். ஆறு மாதத்தில் உடம்பில் இரும்பு ஏறியது. 2015இல் ஆய்விதழிலும் வந்துவிட்டது. புனேயின் அகார்கர் ஆய்வு நிலையம் எம்ஏசிஎஸ் 4028 என்ற கோதுமையைக் கொடுத்தது: 14.7 சதவீதம் புரதம், கூடவே இரும்பும் துத்தநாகமும்.

அதே நிலையத்தின் இன்னொரு கோதுமை எம்ஏசிஎஸ் 6478. அதிலும் சத்துக்குக் குறைவில்லை. ஆனால் சாத்தாரா மாவட்டம் கரஞ்ச்கோப் விவசாயிகளைப் பற்றி 2021இல் அரசு பெருமையோடு சொன்ன செய்தி என்ன? எக்டேருக்கு 25-30 குவிண்டால் கண்ட இடத்தில் 45-60 குவிண்டால் கண்டது என்பதுதான். விவசாயி ஏன் ஒரு ரகத்தை ஏற்கிறார் என்ற கேள்விக்கு அரசே பதில் எழுதி, பத்திரிகைகளுக்கும் அனுப்பிவிட்டது. பிறகு எதற்கய்யா கருத்தரங்கு?

இனி அரசின் மகா புத்திசாலித்தனத்துக்கு வருவோம். கிலோவுக்கு 42 மில்லிகிராம் இரும்பாவது இல்லாவிட்டால் புதிய கம்பு ரகத்தை வெளியிடக் கூடாது என்று 2018இல் விதி வகுத்தார்கள். நல்ல விதி. ஆனால் 2025-26க்குக் கம்பின் ஆதரவு விலை குவிண்டாலுக்கு 2,775 ரூபாய். 42க்கும் அதே விலை, 71க்கும் அதே விலை. ரகத்தை உருவாக்குகிறவரிடம் இரும்பு கேட்கும் சர்க்கார், விளைவிக்கிறவரிடம் வந்ததும் எடையை மட்டும் பார்க்கிறது.

இரும்புக்குக் காசில்லையா? தாராளமாக இருக்கிறது. முதலில் ஆலையில் அரிசியைத் தீட்டி வெளுத்துச் சத்தைத் தவிட்டோடு அனுப்பிவிட்டார்கள். அப்புறம் அரிசி மாவில் இரும்பும் வைட்டமினும் குழைத்து, இயந்திரத்தில் அரிசி மாதிரியே பிழிந்து, நூற்றுக்கு ஒன்று என்று ரேஷன் அரிசியில் கலந்தார்கள். 2028 டிசம்பர் வரை இதற்கு 17,082 கோடி ரூபாய் என்று 2024 அக்டோபரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. ஆலையில் பிழிந்த இரும்புக்குக் கோடிகள். மண்ணில் விளைந்த இரும்புக்கோ, சிறுதானியங்களுக்கு அரசு சூட்டிய ‘ஸ்ரீ அன்னா’ என்ற பட்டம். பட்டத்தை எந்தக் கூட்டுறவுச் சங்கத்தில் அடகு வைப்பது என்று மட்டும் சொல்லவில்லை.

இதையெல்லாம் சிரித்துவிட்டுப் போகலாம்தான், இன்னொரு கணக்கு இல்லாவிட்டால். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, மகாராஷ்டிரத்தில் ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 68.9 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. 15 முதல் 49 வயதுப் பெண்களில் 54.2 சதவீதம், முந்தைய ஆய்வில் இது 48. தட்டில் என்ன விழவேண்டும் என்று தெரிந்தபின்னும் கூடியிருக்கிறது. களையெடுத்து, கதிர் அறுத்து, கம்பு மாவு சீக்கிரம் கசந்துபோகும் என்பதால் அடிக்கடி மில்லுக்கு நடந்து, பாக்ரி தட்டி, எல்லாருக்கும் போட்டுவிட்டு மிஞ்சியதைத் தின்கிறவளின் ரத்தம் அது. அவளுக்குப் போய் விழிப்புணர்வு முகாம் நடத்துகிறீர்களே, வெட்கமாக இல்லை?

சத்துக் கம்புக்குக் கிலோவுக்கு மூன்று ரூபாய் கூடப் போட்டு, அறுவடையன்றே வாங்கி, அந்தந்தத் தாலுகா அங்கன்வாடிக்கும் விடுதிக்கும் கொடுத்துப் பாருங்கள். அடுத்த ஜூன் விதைப்புக்குத் துண்டுப் பிரசுரம் அடிக்க வேண்டியிருக்காது. விதைக்கடை வாசலில் வரிசையை ஒழுங்குபடுத்தப் போலீஸ்தான் வேண்டியிருக்கும்.