என் தெருவுக்கு அனுமதிச் சீட்டு

கரீபியன் தீவான மான்ட்செராட்டின் தலைநகரம் பிளிமத்தில் நான் குடியிருந்த காலத்தில், யார் வந்தாலும் தீவைச் சுற்றிக் காட்டுவது என் பொறுப்பு. அங்கிருந்த அமெரிக்க மருத்துவக் கல்லூரி ஒன்றில் உடற்கூறியல் கற்பித்துவந்தேன். தீவு மொத்தமே 16 கிலோமீட்டர் நீளம்தான். காலையில் கடலோரச் சந்தை, பிறகு தெற்கே கால்வேஸ் சூஃப்ரியேர். அந்த மலைச்சரிவில் கந்தகம் படிந்து மஞ்சளான பாறைகளும், ஆவி கக்கும் துளைகளும், கொதிக்கும் சேறும் உண்டு. வந்தவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு படம் எடுத்துக்கொள்வார்கள். பயப்பட யாருக்கும் தோன்றியதில்லை. ஐரோப்பியர் குடியேறிய நாளிலிருந்து அந்த மலை வெடித்ததாகப் பதிவே இல்லை.

1995 ஜூலை 18-இல் வெடித்தது. ஊரைக் காலி செய்தார்கள், திரும்பி வந்தார்கள், மறுபடி காலி செய்தார்கள். கல்லூரி வேறு தீவுக்கு இடம் மாறியது, நானும் போய்விட்டேன். 1997 ஜூன் 25 அன்று கொதிக்கும் சாம்பலும் வாயுவும் கல்லும் ஒன்றாய்ச் சேர்ந்து மலையிலிருந்து பாய்ந்து வந்ததில் 19 பேர் இறந்தார்கள். தடை விதித்த பகுதி என்று தெரிந்தும் தங்கள் தோட்டங்களைப் பார்க்கப் போனவர்களும் அவர்களில் உண்டு. அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. விளைந்து நிற்பதை விட்டுவிட்டு எந்த விவசாயி ஓடுவான்? அந்த ஆகஸ்டில் பிளிமத் எரிந்து புதைந்தது.

அண்மையில் திரும்பப் போனேன், சுற்றுலாப் பயணியாக. ஆன்டிகுவாவிலிருந்து சிறு விமானத்தில் 20 நிமிடம். பழைய விமான நிலையமும் எரிமலையில் போய்விட்டது. 2005-இல் திறந்த புதியது வடக்கே இருக்கிறது. தெற்குப் பாதி தடைப்பகுதி. நான் குடியிருந்த ஊருக்குள் போக எனக்கு இப்போது அனுமதி வேண்டும், அங்கீகாரம் பெற்ற வழிகாட்டி வேண்டும்.

வழிகாட்டியும் பிளிமத்காரர்தான். தரை இருந்த இடத்தில் தரை இல்லை; சாம்பலும் சேறும் இறுகி மேலேறியிருக்க, மாடி ஜன்னல்கள் முழங்கால் உயரத்தில் நிற்கின்றன. “டாக்டர், நீங்கள் நிற்பது பேக்கரிக் கூரைமேல்” என்றார். தம் அம்மாவின் வீடு எங்கே என்று கையை நீட்டிக் காட்டினார். அங்கே எனக்கு மண்மேடு மட்டுமே தெரிந்தது. எங்களோடு வந்தவர்கள் படம் எடுத்தார்கள். எடுக்கட்டும் என்று அவரே சொன்னார். பார்க்க ஆள் வந்தால்தான் அவருக்கு வேலை. அன்று கந்தக நெடியைக் காட்டிச் சம்பாதித்த தீவு, இன்று அதே மலை விழுங்கிய ஊரைக் காட்டிப் பிழைக்கிறது. எரிமலை கொட்டிய மணல்கூடக் கப்பலேறி மற்றத் தீவுகளில் கட்டடமாகிறது.

எனக்கு வருத்தம் வேறு. காலையில் வந்து, இடிபாட்டைப் பார்த்து, மாலையில் ஆன்டிகுவாவுக்குத் திரும்பிவிடுகிறவர்கள் மான்ட்செராட்டைப் பார்ப்பதே இல்லை. முன்பு 11,000 பேர் அளவில் வாழ்ந்த தீவில் இன்று 5,000 பேர்கூட இல்லை. ஆனால் இருப்பவர்கள் வடக்கே முழுமூச்சாக வாழ்கிறார்கள். சென்டர் ஹில்ஸ் காட்டில் விடியற்காலையில் நடந்தால் மான்ட்செராட் ஓரியோலைப் பார்க்கலாம். அந்த மஞ்சள் வயிற்றுப் பறவை உலகில் வேறெங்கும் இல்லை. கடற்கரைகளெல்லாம் கருமணல், ரெண்டெவு விரிகுடா மட்டும் வெளிர்மணல், படகிலோ மலைப்பாதையிலோதான் போக முடியும். கிராம்பு மணக்கும் ஆட்டுக்கறிக் குழம்பான கோட் வாட்டரைத் தெருவோரத்தில் நின்று சாப்பிட வேண்டும்.

போவதென்றால் மார்ச் 17-ஐ ஒட்டிப் போங்கள். ஒரு காலத்தில் இங்கே குடியேறிய அயர்லாந்துக்காரர்களின் புனித பேட்ரிக் நாள் அது. 1768-இல் அதே நாளில் அடிமைகள் கிளர்ச்சிக்குத் திட்டமிட்டார்கள், காட்டிக்கொடுக்கப்பட்டுத் தூக்கிலேறினார்கள். இரண்டையும் சேர்த்தே கொண்டாடுகிறார்கள். இங்கிலாந்துக்குக் குடிபெயர்ந்தவர்கள் பிள்ளைகளோடு வருவார்கள். தங்க அறை கிடைப்பது கடினம். முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.