பாட்டுகளுக்கு ஒரு சோதனைச் சாவடி

பணிப்பாளர் அவர்கள்,
கலாசார அலுவல்கள் திணைக்களம்,
செத்சிறிபாய, பத்தரமுல்லை.

ஐயா அல்லது அம்மணி,

ஓமந்தையில் சோதனைச் சாவடி ஒன்றை மீள அமைத்துத் தருமாறு கோரல்

மேற்படி தலைப்பைப் பார்த்ததும் இந்தக் கடிதத்தைப் பாதுகாப்பு அமைச்சுக்குத் திருப்பிவிட வேண்டாம். இது தங்களுக்கு உரியதுதான். நாங்கள் கேட்பது பாட்டுகளைச் சோதிக்கும் சாவடி. சென்னையிலிருந்தும் ரொறன்ரோவிலிருந்தும் கொழும்பிலிருந்தும் புறப்பட்ட எத்தனையோ பாட்டுகள், ‘நாட்டார் இசை’ என்று நெற்றியில் எழுதி ஒட்டிக்கொண்டு, ஏ-9 வீதியில் ஓடும் பஸ்களின் ஸ்பீக்கர் வழியாக நாளாந்தம் எங்கள் ஊரைக் கடக்கின்றன. எது அசல், எது கலப்படம், எது நேற்றுப் பிறந்து தாடி ஒட்டிக்கொண்டு வந்தது என்று கேட்க ஆளில்லை. ஆளில்லாதபடியால் எங்கள் தேத்தண்ணிக்கடையில் நாங்களே கேட்டுக்கொள்கிறோம். அதனால் கடைக்காரரின் இரண்டு கதிரைகள் கால் முறிந்து கிடக்கின்றன.

ஏன் ஓமந்தை? அனுபவம் இருக்கிறது. 2002 இல் ஏ-9 வீதி திறந்தபோது அரச கட்டுப்பாட்டுப் பக்கத்தின் வாசல் நாங்கள்தான். போகிறவரும் வருகிறவரும் இங்கே பஸ்ஸால் இறங்கி, பையைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நின்று, அடையாள அட்டையை நீட்டி, எங்கே போகிறாய், ஏன் போகிறாய், அங்கே உனக்கு யார் என்ற கேள்விகளுக்கெல்லாம் மறுமொழி சொல்லிப் பழகியவர்கள். சாவடி 2015 இல்தான் எடுபட்டது. அந்த வாசலில் பகிடிக்கு அகப்படாத சங்கதிகளும் நடந்தன. அவற்றுக்கு மறுமொழி கேட்டு வவுனியாவில் தாய்மார் இன்னமும் காணாமல் போன பிள்ளைகளின் படங்களை ஏந்திக்கொண்டு இருக்கிறார்கள். அதை இந்தக் கடிதத்துக்குள் இழுக்க எனக்கு மனமில்லை.

இன்னொரு காரணம் நட்டஈடு. 2016 இல் மரக்கறி விற்கும் பொருளாதார மத்திய நிலையத்தை ஓமந்தையில் கட்டுவதா தாண்டிக்குளத்தில் கட்டுவதா என்று அரசியல்வாதிகள் மாதக்கணக்கில் மல்லுக்கட்டி, கடைசியில் அது மதகுவைத்தகுளத்துக்குப் போய்ச் சேர்ந்தது. மரக்கறிக்குக் கொடுத்துவைக்காத ஊருக்குப் பாட்டாவது கிடைக்கட்டும். மாகோ–ஓமந்தை ரயில் பாதையை இந்திய உதவியோடு புதுப்பித்து, 2025 ஏப்ரலில் இந்தியப் பிரதமரே வந்து தொடக்கியும் வைத்துவிட்டார். தெற்கிலிருந்து வரும் பாட்டுகள் குலுங்காமல் வந்து இறங்கலாம்.

இனி வழக்கைச் சொல்கிறேன். கடையில் இரண்டு கட்சி. முதலாவது கட்சிக்குத் தலைவர் ஓய்வுபெற்ற தபால் அதிபர் ஒருவர். அவருக்குச் சிலோன் பொப்பிசையோடு பாட்டு முடிந்துவிட்டது. நித்தி கனகரத்தினம், ஏ. ஈ. மனோகரன், திருகோணமலை எம். பி. பரமேஷ் என்று மூன்று பெயரைச் சொல்லிக் கும்பிட்டுவிட்டுத்தான் தேத்தண்ணியைத் தொடுவார். “உவங்கள் இப்ப பாடுறது பாட்டோ? உடுக்கை அடிச்சால் நாட்டார் பாட்டாகிப் போடுமோ?” என்பது அவர் தினமும் கேட்கும் கேள்வி. மற்றக் கட்சி பம்பைமடுவில் வவுனியாப் பல்கலைக்கழகத்தில் படிக்கிற பெடியன். மண்ணின் குரல், வேரின் ஒலி, சுயாதீன இசை ஆகிய மூன்று சொற்களும் இல்லாமல் அவனால் ஒரு வசனம் பேச முடியாது. “ஐயா, உங்கட பொப் பாட்டு மேடையில ஆடுறதுக்குச் செய்தது. இது பாட்டியின்ர ஒப்பாரியில இருந்து வந்தது” என்பான்.

தபால் அதிபரின் காதைப் பற்றி ஒரு வார்த்தை. தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடையில் பற்றி வன்னிக்குள் வரக்கூடாத பொருள். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் வயரைக் கொழுவித்தான் கசெற் கேட்டோம். சுற்றுகிறவன் களைத்தால் பாடகனும் களைப்பான். புதுப் பெடியன் வந்து கை மாற்றினால் பாடகனுக்குத் திடீரென்று இளமை திரும்பும். தபால் அதிபர் ‘சின்ன மாமியே’ பாட்டைப் பாடமாக்கியது அந்த வேகத்தில். இன்றைக்கு யூரியூப்பில் அதே பழைய ஒலிப்பதிவைப் போட்டுக் காட்டினால், “இது ஆரோ துரத்தப் பாடினது, அசல் இல்லை” என்று கையால் தள்ளிவிடுகிறார். அசலைக் கேட்டே அசல் இல்லை என்று சொல்லக்கூடிய இப்படிப்பட்ட நிபுணர்கள் எங்களிடம் இருக்கிறார்கள். சாவடிக்கு ஆளணி வேறு எங்கும் தேட வேண்டியதில்லை.

திட்டத்தைத் தங்களுக்கு அனுப்ப முன்னம் கடையிலேயே ஓர் ஒத்திகை பார்த்தோம். முதலில் தபால் அதிபரின் பாட்டுகளையே இறக்கினோம். ‘சின்ன மாமியே’ வந்து நின்றது. ஊர்? உரும்பிராய்க்காரர் பாடினது. வாத்தியம்? கிற்றார். தாளம்? பைலா. பைலா எங்கே பிறந்தது? போர்த்துக்கேயரோடும் அவர்கள் கொண்டுவந்த ஆபிரிக்கரோடும் வந்திறங்கியது. ஒரு மாமியிடம் மகள் எங்கே என்று விசாரிக்கிற பாட்டு, மூன்று கண்டத்துக்குக் கடவுச்சீட்டு வைத்திருக்கிறது. ஒரு பக்கமாக நிறுத்தினோம். அடுத்தது ‘சுராங்கனி’. அதற்கு இரண்டு மொழி. சுராங்கனிக்கு மீன் கொண்டுவந்த செய்தியைச் சிங்களத்தில் சொல்லிவிட்டு மிச்சத்தைத் தமிழில் பாடும். 1977 இல் ‘அவர் எனக்கே சொந்தம்’ படத்துக்காக இளையராஜாவிடம் போய்த் தமிழ்நாட்டுப் பாட்டாகவும் பதிவாகிவிட்டது. எந்த நிரலில் எழுதுவது என்று தெரியாமல் பதிவேட்டை மூடினோம். தபால் அதிபர் அன்றைக்குத் தேத்தண்ணியைக் குடிக்காமலே எழும்பிப் போனார். அந்தப் பாட்டுகள் வெளிவந்த காலத்தில் இதே மாதிரிப் பெரியவர்கள் “பொப்பாம் பொப்பு” என்று எழும்பிப் போனதை அவருக்கு ஞாபகப்படுத்த ஒருவருக்கும் துணிவு வரவில்லை.

பெடியனின் பாட்டுக்கு வந்தோம். 2021 மார்ச்சில் மாஜா நிறுவனம் வெளியிட்ட ‘என்ஜாயி எஞ்சாமி’. அறிவு என்ற கலைஞர் எழுதி, தீ என்ற பாடகியோடு சேர்ந்து பாடியது. சந்தோஷ் நாராயணன் இசைத் தயாரிப்பு. இதற்குச் சாவடியில் நல்ல மரியாதை கிடைக்கும் என்றுதான் நினைத்தோம், ஏனென்றால் அது எங்கள் தீவின் பிள்ளை. அறிவின் பாட்டி வள்ளியம்மாளின் சனங்கள் இங்கே தேயிலைத் தோட்டத்தில் மாரடித்தவர்கள். 1964 இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு கப்பலேற்றப்பட்ட இலட்சக்கணக்கானோரின் கதைதான் அவர்களுடையதும். ஆனால் பத்திரங்களைப் பார்த்தால் தகப்பன் பெயர் விடயத்தில் சண்டை. 2021 ஓகஸ்டில் றோலிங் ஸ்ரோன் இந்தியா சஞ்சிகையின் அட்டையில் தீயைப் போட்டார்கள். பாட்டை எழுதிய அறிவைக் காணவில்லை. சத்தம் வந்த பிறகு அவருக்கென்று தனியாக ஓர் அட்டை செய்தார்கள். 2022 இல் சென்னை செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவில் பாட்டு ஏறியது, அறிவு ஏறவில்லை. 2024 மார்ச்சில் சந்தோஷ் நாராயணன் தமக்கு ஒரு சதமும் கிடைக்கவில்லை என்று பகிரங்கமாகச் சொன்னார். உலகம் முழுக்கக் கேட்ட பாட்டுக்கு எழுதினவர், பாடினவர், காசு என்று மூன்று பக்கமும் வழக்கு. வாக்குமூலம் எடுத்துக்கொண்டு இதையும் ஒரு பக்கமாக நிறுத்தினோம். பெடியனும் எழும்பிப் போனான். கடைக்காரர் மட்டும் நிம்மதியாகக் கோப்பை கழுவினார்.

இப்படியொரு சாவடி உலகத்தில் எங்கும் இருந்ததில்லை என்று தங்கள் இலிகிதர் குறிப்பெழுதினால் நம்ப வேண்டாம். கொழும்பிலேயே இருந்தது. 1952 இல் ரேடியோ சிலோன், பாடகர்களுக்குத் தரம் பிரிக்க இலக்னோவிலிருந்து பண்டிதர் ரத்தன்ஜங்கரை அழைப்பித்தது. சிங்களப் பாட்டுக்குப் புது மெட்டுப் போட்டுக் கொடுத்த சுனில் சாந்த, அவர் முன்னால் பரீட்சைக்கு நிற்க மாட்டேன் என்றார். வானொலி வேலை போயிற்று. பிறகு வயிற்றுப்பாட்டுக்கு வானொலிப் பெட்டி திருத்தினாராம். இதைவிட நேர்த்தியான தண்டனையை எந்தத் திணைக்களத்தாலும் யோசித்து எடுக்க முடியாது. அதே 1952 இல் இந்தியாவில் அமைச்சர் கேஸ்கர் அகில இந்திய வானொலியில் சினிமாப் பாட்டை நெருக்கினார். இந்தியச் சனம் முள்ளைத் திருப்பி ரேடியோ சிலோனுக்கு வந்து சேர்ந்தது. அங்கே மூடிய கதவால் இங்கே வருமானம். அதே வருடம் அமெரிக்காவில் ஹரி ஸ்மித் என்பவர், இருபதுகளிலும் முப்பதுகளின் தொடக்கத்திலும் கொம்பனிகள் விற்பதற்காகப் போட்ட 84 இசைத்தட்டுப் பாட்டுகளைத் தொகுத்து ‘அமெரிக்க நாட்டார் இசைத் திரட்டு’ என்று வெளியிட்டார். காசுக்குப் பாடிய அந்தத் தட்டுகளைத்தான் அடுத்த தலைமுறைக் கிற்றார்க்காரர்கள் கலப்படமில்லாத கிராமத்துக் குரல் என்று தலையில் வைத்துக் கொண்டாடினார்கள். 1952 என்ன ராசியில் பிறந்த வருடமோ தெரியாது.

சட்டமும் எங்கள் பக்கம் இருக்கிறது. 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின் 24 ஆம் பிரிவைத் தாங்கள் அறிவீர்கள். நாட்டார் வெளிப்பாடுகளை வணிக நோக்கத்துக்கோ, அவற்றின் மரபான சூழலுக்கு வெளியிலோ பாவிப்பதாயின் தகுதியுள்ள அதிகாரியிடம் அனுமதி பெற வேண்டும். நல்ல சட்டம். அதை ஓமந்தை வயலில் வைத்துப் பார்ப்போம். அருவி வெட்டுப் பாட்டின் மரபான சூழல் என்ன? காலபோக நெல் முற்றிய வயலும், வரிசையாகக் குனிந்து நின்று அரிவாளால் வெட்டுகிற ஆட்களும். இப்போது வெட்டு மெசின் வருகிறது. ஓர் ஏக்கரை முடித்துவிட்டு அடுத்த வயலுக்குப் போகிறது. அதன் சாரதி தன் போனில் பிடித்ததைப் போட்டுக் கேட்கிறார். அநேகமாக அது அருவி வெட்டுப் பாட்டல்ல. மரபான சூழலே இல்லாமல் போனபடியால், இனி அந்தப் பாட்டை யார் எங்கே வாய் திறந்து பாடினாலும் சூழலுக்கு வெளியில்தான். ஒரு கிழவி தன் வீட்டு விறாந்தையில் இருந்து முணுமுணுத்தால், காசு வாங்காதவரையில் விட்டுவிடலாமா என்பதற்குத் தங்கள் சுற்றுநிருபம் ஒன்று தேவை.

கிழவி என்று நான் சும்மா உதாரணத்துக்குச் சொல்லவில்லை. ஒத்திகையின் மூன்றாம் நாள் அப்படியொரு ஆச்சி கடைக்கு வெற்றிலை வாங்க வந்தா. “ஆச்சி, வெட்டுப் பாட்டு ஒண்டு சொல்லுங்கோ” என்று கேட்டோம். தொடங்கினா. தபால் அதிபரும் வாயை மூடினார், பெடியனும் போனைக் கீழே வைத்தான். சாவடிக் கேள்விகளைப் போட்டோம். எழுதினவர் ஆர்? “ஆர் எழுதினது, வாயில வந்தது.” மெட்டு எது? “போன வரியம் பாடினதுக்கு இண்டைக்குப் பாடினது வேற.” நடுவில் ஓர் அடி மறந்து, அந்த இடத்தில் பக்கத்து வளவுக்காரி வேலி அரக்கின கதையைப் போட்டு நிரப்பினா. அது தாளத்துக்கு அளந்து வெட்டினதுபோல் வந்து இருந்தது. உடுக்கு இல்லை, கிற்றார் இல்லை, தலைப்பு இல்லை. எங்கள் படிவத்தின் ஒரு நிரலையும் அவவால் நிரப்ப முடியவில்லை. விதிப்படி அவவையும் ஒரு பக்கமாக நிறுத்தியிருக்க வேண்டும். வெற்றிலைக்குக் காசு கொடுத்துவிட்டு அவ போய்விட்டா.

பெடியன் பிறகு தேடிப் பார்த்தான். தபால் அதிபரின் மூவருக்கும் யூரியூப்பில் பாட்டு இருக்கிறது. ‘என்ஜாயி எஞ்சாமி’க்கு அதன் அசலும், அதை ஆடினவர்களும், அதை விமர்சித்தவர்களும் இருக்கிறார்கள். ஆச்சி பாடினதுக்குக் கிட்ட வரக்கூடிய ஒன்றையும் அவன் காணவில்லை. புத்தகமாக வந்தவை உண்டு. மு. இராமலிங்கம் வட இலங்கைப் பாட்டுகளைத் தேடித் தொகுத்தார், மெற்றாஸ்மயில் வன்னிப் பாட்டுகளை அச்சேற்றினார். அவர்கள் செய்ததால்தான் குருவிப் பள்ளும் பன்றிப் பள்ளும், யானையை அடக்கிய அரியாத்தை பேரில் பாடிய ஒப்பாரியும் பெயரளவிலாவது எங்களுக்குத் தெரியும். ஆனால் அச்செழுத்துக்குக் குரல் கிடையாது. எந்த இடத்தில் மூச்சு விடுவது, எந்த இடத்தில் இழுப்பது, எந்த இடத்தில் வேலிக்காரியைச் செருகுவது என்று அதில் எழுதியில்லை. வரி தெரிந்த பெடியனால் பாட முடியவில்லை. பாடத் தெரிந்த ஆச்சிக்கு வாசிக்கத் தெரியாது. பழைய ஒலிப்பதிவா புதிய நாட்டார் இசையா என்று நாங்கள் கதிரை முறித்த இத்தனை காலமும், ஒலிப்பதிவே இல்லாத கட்சி ஒன்று வெற்றிலை வாங்கிக்கொண்டு எங்களைக் கடந்து போய்க்கொண்டிருந்திருக்கிறது.

ஆகவே விண்ணப்பத்தில் ஒரு சிறு திருத்தம். சாவடிக் கட்டடம், தடுப்புக் கம்பு, மேசை, முத்திரை எல்லாவற்றையும் தாங்கள் ஆறுதலாகப் பரிசீலித்து, வழமைபோல ஒரு குழு அமைத்து, அந்தக் குழுவுக்கு ஓர் உபகுழுவும் அமைத்துக்கொள்ளலாம். அதற்குள் நல்ல ஒலிப்பதிவுக் கருவி ஒன்றோடு ஓர் ஆளை மட்டும் அனுப்பிவையுங்கள். தை பிறந்து காலபோக வெட்டு முடிய முன்னம் வந்தால், வயலையும் காட்டி ஆச்சிக்கு ஞாபகம் எடுத்துக் கொடுக்கலாம். காத்தவராயன் கூத்தும் கோவலன் கூத்தும் ஆடின அண்ணாவிமார் வீடுகளுக்கும் நாங்களே கூட்டிக்கொண்டு போவோம். வருகிறவருக்குச் சாப்பாடும் படுக்கையும் ஊர் பொறுப்பு. தபால் அதிபரும் பெடியனும் ஆளுக்கொரு பக்கம் மைக்கைப் பிடிக்க ஒத்துக்கொண்டிருக்கிறார்கள். பதிவு நடக்கும்போது இருவரும் பேசமாட்டோம் என்று கடைக்காரர் முன்னிலையில் சத்தியமும் செய்திருக்கிறார்கள்.

பதிவு செய்த பாட்டைப் பூட்டி வைக்காமல் எல்லாரும் கேட்கிற மாதிரிப் போடுங்கள், பாடினவரின் பெயரையும் ஊரையும் முதல் வரியில் எழுதுங்கள். காசு வந்தால் அதில் பங்கு கொடுங்கள். ஒப்பந்தப் படிவம் தமிழிலும் இருக்கட்டும். கையெழுத்துப் போடத் தெரியாதவர்கள் உண்டு, பெருவிரல் அடையாளத்துக்கு இடம் விடவும்.

இங்ஙனம்,
ஓமந்தைத் தேத்தண்ணிக்கடை இரசிகர்கள் சார்பில்,
கதிரை திருத்தக் காசு சேர்ப்பவர்.