பணயம் இல்லாத பகடை

மேடிசன், விஸ்கான்சின்

அன்புள்ள அப்பாவுக்கு,

வெள்ளிக்கிழமை இரவுகளில் தங்கள் மகன் பகடை உருட்டுகிறான் என்று வீட்டுக்கு எட்டிய செய்தி உண்மையே எனினும், அதில் பணயம் எதுவும் இல்லை என்பதும், தருமபுத்திரர் தோற்றவற்றில் ஒன்றுகூட இங்கே தோற்கப்படுவதில்லை என்பதும் முதற்கண் பதிவு செய்யத்தக்கன.

‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ எனப்படும் இவ்விளையாட்டு, கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்னும் இருவரின் ஆக்கமாக, இதே மாநிலத்தின் லேக் ஜெனீவா என்ற சிற்றூரிலிருந்து 1974இல் வெளிவந்தது. பொம்மைப் படைகளை மேசைமீது நகர்த்திப் போரிடும் பழைய பொழுதுபோக்கிலிருந்து கிளைத்த இதில், படைக்குப் பதிலாக ஆளுக்கொரு பாத்திரம் வாய்க்கிறது. கதையைச் சொல்லி, அரக்கர்களாகவும் சத்திரக்காரர்களாகவும் பேசி, விதிகளுக்குத் தீர்ப்பும் வழங்குபவர் ‘டன்ஜன் மாஸ்டர்’ எனப்படுகிறார். அவரை நடத்துநர் என்று தமிழாக்கினால் பேருந்து நினைவுக்கு வரும் என்றாலும், சில்லறைக்கு அவரிடமும் மன்றாட வேண்டியிருப்பதால் பெயர் பொருந்தவே செய்கிறது.

வலிமை, லாவகம், உடல்திடம், அறிவு, விவேகம், வசீகரம் என்னும் ஆறு பண்புகளுக்கும், நான்கு ஆறுமுகப் பகடைகளை உருட்டி, மிகக் குறைந்ததை நீக்கி, எஞ்சிய மூன்றையும் கூட்டி மதிப்பெண் பெறுவது ஒரு முறை. தங்கள் மகனின் மந்திரவாதிக்கு வலிமை 7 கிடைத்தது. ஊரில் அவன் தண்ணீர்க்குடம் தூக்கிய அழகைக் கண்டவர்களுக்கு இதில் வியப்பிராது. மூடிய கதவொன்றைத் தோளால் இடித்துத் திறப்பதாக அம்மந்திரவாதி அறிவித்தபோது, நடத்துநர் 15 என்று இலக்கு வைத்தார்; இருபது முகப் பகடையில் 16 விழுந்தும், வலிமைக் குறைவுக்காக 2 கழிந்து 14 ஆனதால் கதவு அசையவில்லை. பின்னால் நின்ற குள்ள வீராங்கனை கைப்பிடியைத் திருகிய பிறகே, அது பூட்டப்படவே இல்லை என்பது தெரிந்தது. இடிக்கும் முன் கேட்க வேண்டும் என்று விதிநூலில் எங்கும் எழுதப்படவில்லை.

அவ்விதிநூல் 300 பக்கங்களைத் தாண்டுவதால், புதியவர் அதைத் தலைமாட்டில் வைத்து உறங்குவதே சிறந்தது. ஆயத்தப் பாத்திரங்களோடும் சுருக்க விதிகளோடும் வரும் தொடக்கப் பெட்டியும், பொறுமையுள்ள நண்பர் நால்வரும் போதும்.

குறை ஒன்றுண்டு. இங்குள்ள நான்குமுகப் பகடை பிரமிடு வடிவினது ஆதலால் உருள மறுக்கிறது. தரையில் விழுந்தால் உள்ளங்காலைப் பதம் பார்க்கிறது. ஆகவே பாட்டியின் பித்தளைத் தாயக்கட்டையை அடுத்த பார்சலில், ஊறுகாய்க்கு அருகில் அல்லாமல், வைத்தனுப்புமாறு அம்மாவிடம் சொல்ல வேண்டும். அதன் வெற்று முகத்தை நான்கு எனக் கொள்ளலாமா என்பது நடத்துநரின் பரிசீலனையில் உள்ளது.

இப்படிக்கு,
தங்கள் மகன்