ஊர் சுத்தறவனுக்கே ஓட்டம்

வா கண்ணு, உக்காரு. காலெல்லாம் சேறா? பரவாயில்லை, திண்ணைதானே. வண்டி எங்கே? ஓஹோ, இட்டேரியிலயே நின்னு போச்சா? பின்கதவுல ஃபோர் பை ஃபோர்னு கொட்டை எழுத்துல ஒட்டியிருந்தியே, அந்த வண்டிதானே? ஒட்டுன எழுத்து இறங்கித் தள்ளலையா?

கோவிச்சுக்காதே. டிராக்டரு வரக் காமணி நேரம் ஆகும். அதுக்குள்ள உன்ற வண்டி வயித்துல என்ன இருக்குதுன்னு சொல்லிப்போடறேன். அத்தனை லட்சம் குடுத்து வாங்குனவன் நீ. பாட்டுப் பொட்டியில எத்தனை ஸ்பீக்கருன்னு கேட்டா டக்குனு சொல்லுவே. டிஃபரன்ஷியல் என்ன ரகம்னு கேட்டா மட்டும் ஏங்கண்ணு வானத்தைப் பாக்கறே?

களத்துல மாடு கட்டித் தாம்பு ஓட்டறதை நீ பாத்திருக்க மாட்டே. கதிரைப் பரப்பி, மாடுகளை வரிசையாப் பிணைச்சுச் சுத்திச் சுத்தி நடக்க உடுவோம். உள்வட்டத்துல கிழட்டு மாடு. வெளிவட்டத்துல இளங்காளை. ஏன்? உள்ள நிக்கறதுக்கு நடை கம்மி, வெளிய நிக்கறதுக்கு நடை சாஸ்தி. ரெண்டும் ஒரே அளவு அடி எடுத்து வெக்கணும்னு சட்டம் போட்டா என்ன ஆகும்? கவுறு அறுந்துபோகும்.

உன்ற காருக்கும் அதே கதைதான். ரெண்டு சக்கரத்துக்கும் நடுவுல அஞ்சடின்னு வெச்சுக்க. ஒரு முழு வட்டம் அடிச்சா, வெளிச் சக்கரம் உள்சக்கரத்தைக் காட்டியும் 31 அடி கூட ஓடியாகணும். கோயிலைச் சுத்தினாலும் 31 அடி, ஊரையே சுத்தினாலும் அதே 31 அடி. நம்பிக்கை இல்லையா? அஞ்சை ரெண்டால பெருக்கி, 3.14-ஆல இன்னொருக்காப் பெருக்கு. உன்ற போன்ல கணக்குப் போடவும் முடியுமாமே!

மாட்டு வண்டிக்கு இந்த ரோதனை கிடையாது. அச்சு சும்மா கிடக்கும், சக்கரம் ரெண்டும் அதும்பாட்டுக்குத் தனித்தனியாச் சுத்தும். இழுக்கறது மாடு, சக்கரம் கூட வரதோட சரி. சக்கரத்தையே எஞ்சின் வேலை வாங்க ஆரம்பிச்ச பொறவுதான் வினை வந்துச்சு. 1827-ல ஒனெசிஃபோர் பெக்கூர்னு ஒரு பிரெஞ்சுக்காரரு நீராவி வண்டிக்காக இதுக்கு வழி கண்டாரு. ஆளு என்ன தொழில்ங்கறே? கடிகாரம் செய்யறவரு. பல்லுச் சக்கரத்தோட குணம் அவருக்குத் தெரியாம வேற யாருக்குத் தெரியும்?

அவரு கண்ட டிஃபரன்ஷியல் பொட்டிக்குள்ள நடக்கறது இவ்வளவுதான். எஞ்சின்ல இருந்து வர தண்டு பினியனைச் சுத்தும். பினியன் கிரவுன் வீலைச் சுத்தும். கிரவுன் வீலு ஒரு கூட்டைச் சுமந்துக்கிட்டுச் சுத்தும். அந்தக் கூட்டுக்குள்ள ஸ்டார் பினியன்னு குட்டிப் பல்லுச் சக்கரங்க. அதுங்களுக்கு வலத்துல ஒரு ஆக்சில், இடத்துல ஒரு ஆக்சில். நேராப் போனா குட்டிங்க தானா உருளாது, ரெண்டு ஆக்சிலையும் ஒட்டுக்காத் தள்ளிக்கிட்டுப் போகும். திரும்பினா உருளும். உள்பக்கம் எத்தனை சுத்து குறையுதோ, அத்தனையை வெளிப்பக்கம் ஏத்தி உட்டுரும். நெம்ப நேர்மையான பங்காளி!

ஆனா அந்த நேர்மையிலதான் வில்லங்கமே இருக்குது. ஓட்டத்தை ஏத்தி இறக்கிக் குடுக்கும், பலத்தை மட்டும் ரெண்டு பக்கமும் சமமாத்தான் குடுக்கும். நுகத்துல ஒரு பக்கத்து மாடு அவுத்துக்கிட்டு ஓடிருச்சுன்னு வை. அடுத்த மாடு எம்புட்டு முக்கினாலும் நுகந்தான் திரும்பும், வண்டி நகராது. அதே மாதிரிதான் இதுவும். சேத்துல கிடக்கற சக்கரத்தைச் சுத்தறதுக்குக் கொஞ்சூண்டு பலம் போதும். கட்டாந்தரையில நிக்கற சக்கரத்துக்கும் அதே கொஞ்சூண்டுதான் போய்ச் சேரும். கடைசியில இது அசையாம நிக்கும், அது ரெண்டு மடங்கு வேகத்துல சுத்தும். ஊர்லயும் அப்படித்தானே கண்ணு? காலூனி நிக்கறவன் நின்ன எடத்துலயே நிக்கறான். ஊர் சுத்தறவனுக்குத்தான் ஓட்டமெல்லாம்.

"நாலு சக்கரமும் இழுக்குமே அப்பாரு"ங்கறே. இழுக்கும், இழுக்கும். முன்னாடி ஒரு பொட்டி, பின்னாடி ஒரு பொட்டி, ரெண்டும் இதே ரகமா இருந்தா என்ன பண்ணுவே? முன்னால ஒண்ணு, பின்னால ஒண்ணு வழுக்கினாப் போதும், உன்ற நாலும் நட்டமே நிக்கும். இட்டேரியில இப்ப நிக்குதே, அப்படி.

இதுக்கு வைத்தியம் நாலஞ்சு விதமா இருக்குது. முதல் வைத்தியம் லாக். எங்க டிராக்டர்ல குதிங்கால் பக்கத்துல ஒரு பெடல் இருக்கும். மிதிச்சா ரெண்டு ஆக்சிலும் ஒண்ணாப் பூட்டிக்கும், சேத்தைத் தாண்டுனதும் காலை எடுத்துரணும். கூர்க்கா வண்டியில முன்னுக்கும் பின்னுக்கும் தனித்தனி லாக் வெச்சிருக்கறாங்க. காடு மேடு போறவனுக்கு அது சாமி குடுத்த வரம். அதை வாங்கிக்கிட்டு டவுன்ல காப்பி குடிக்கப் போறாங்களே, அந்தக் கடை வாசல்ல என்ன சேறு? தார் ரோட்டுல பூட்டிக்கிட்டே வண்டியைத் திருப்பிப் பாரு. டயரு தேயும், ஸ்டியரிங் அடம் புடிக்கும், ஆக்சிலே முறிஞ்சாலும் முறியும். தாம்பு மாட்டுக்குச் சட்டம் போட்ட கதைதான்.

ரெண்டாவது, லிமிடெட் ஸ்லிப்பு. கூட்டுக்குள்ள கிளட்ச் தட்டுங்களை அடுக்கியிருப்பாங்க. ஒரு சக்கரம் ரொம்பத் துள்ளினா தட்டு உரசிப் புடிச்சுக்கும். அரைப் பூட்டுன்னு வெச்சுக்க. அதுக்குனு தனி எண்ணெய் உண்டு. கைக்குக் கிடைச்சதை ஊத்தினா வளைவுல கடகடன்னு முனகும். தட்டு தேஞ்சுபோனா பழையபடி சாதாப் பொட்டிதான்.

மூணாவது, டார்சன். அமெரிக்காவுல கிளீஸ்மன்ங்கறவரு 1958-ல காப்புரிமை வாங்குனது. தட்டும் கிடையாது, பூட்டும் கிடையாது, அத்தனையும் சாய்வுப் பல்லு. பிடிமானம் உள்ள சக்கரத்துக்கு மத்ததைப் போல ரெண்டு மூணு மடங்கு பலத்தைத் தள்ளும். 1980-களோட பின்பாதியில ஆடி கார்க்காரங்க இதை முன்னச்சுக்கும் பின்னச்சுக்கும் நடுவுல வெச்சாங்க. நம்ம ஆடி மாசம் இல்ல, ஜெர்மனி ஆடி. நெம்ப புத்திசாலிப் பொட்டிதான். ஆனா ஒரு சக்கரம் அந்தரத்துல தொங்குனா? பலம் சுழியம். சுழியத்தை மூணால பெருக்கினா எத்தனை கண்ணு? போனை எடுக்காமச் சொல்லு.

கடைசியாத்தான் வேடிக்கை. இப்பத்த வண்டியில பிரேக்கை வெச்சே லிமிடெட் ஸ்லிப்பு பண்ணறாங்க. ஜிம்னி வண்டியில இருக்கறது அதுதான். சும்மா சுத்தற சக்கரத்தைக் கம்ப்யூட்டர் மோப்பம் புடிச்சு, அதுக்கு மட்டும் பிரேக்கைப் போடும். அது திமிறத் திமிற, அடுத்த சக்கரத்துக்கும் பலம் ஏறும். ஆகா, என்ன அறிவுன்னு வாயைப் பொளக்கறே. டிராக்டர்ல பிரேக் பெடல் எத்தனைன்னு பாத்திருக்கறியா? ரெண்டு. வலத்துக்கு ஒண்ணு, இடத்துக்கு ஒண்ணு. ரோட்டுல போறப்ப ரெண்டையும் கொக்கி போட்டுச் சேத்துக்குவோம். காட்டுக்குள்ள எறங்குனா கொக்கியை அவுத்துட்டு, எந்தச் சக்கரம் வெட்டியாச் சுத்துதோ அந்தப் பக்கத்துப் பெடலை மட்டும் லேசா அமுத்துவோம். கோவணம் கட்டுன கம்ப்யூட்டரு நாங்க! எங்களுக்கு யாரு விளம்பரம் போட்டா?

எது ஒசத்தின்னு கேக்காதே. உன்ற சக்கரம் எந்த மண்ணை மிதிக்கப் போவுதுன்னு கேளு. வீட்டுக்கும் ஆபீசுக்கும் தார் ரோடுன்னா சாதாப் பொட்டி ஏழு தலைமுறைக்குப் போதும். வாரம் ஒருக்காச் சேத்துல எறங்கறவனுக்கு லாக் வேணும். வருசத்துக்கு ஒருக்கா எறங்கறவனுக்குக் கவுறு போதும்.

அடுத்த வாட்டி மாட்டினா ஆக்சிலேட்டரை ஏறி மிதிக்காதே, அது குழி பறிக்கற வேலை. பின்சக்கரம் சுத்துதா? ஹேண்ட் பிரேக்கை அரைவாசி இழுத்துப் புடிச்சுக்கிட்டு, மெல்ல மெல்ல நகத்திப் பாரு. சில சமயம் ஏறி வந்துரும். என்னது, உன்ற வண்டியில ஹேண்ட் பிரேக்கே பொத்தானா? அரைவாசி அமுத்த முடியாதா?

சரி உடு. டிராக்டரு சத்தம் கேக்குது. கவுறு அந்த மூலையில தொங்குது பாரு, எடுத்துக்க. உன்ற வண்டியில கவுறு மாட்டற கொக்கி எங்கே இருக்குதுன்னாவது தெரியுமா?