பின்வளவுக் கொட்டிலும் அதன் சட்டங்களும்

இங்கிலாந்தில் வீட்டுப் பின்வளவில் தச்சுவேலைக்கென்று போடப்படும் மரக்கொட்டில் சட்டத்துக்கு உட்பட்ட ஒரு கட்டடம். 1947ஆம் ஆண்டின் நகர, நாட்டுப்புறத் திட்டமிடல் சட்டம், எதைக் கட்டுவதானாலும் முதலில் அனுமதி வாங்கு என்றது. அது 1948 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தது. கோழிக்கூட்டுக்கும் கொட்டிலுக்கும் தனித்தனியே விண்ணப்பம் வாங்கினால் கவுன்சிலில் வேறு வேலை நடக்காது. ஆகவே சில்லறைக் கட்டடங்களுக்கெல்லாம் ஒட்டுமொத்தமாகப் பொது அனுமதி தரும் ஆணைகள் வந்தன. இப்போது நடப்பிலுள்ளது 2015ஆம் ஆண்டு ஆணை. அதில் ‘ஈ’ வகுப்பு கொட்டிலுக்குரியது. சொன்ன அளவுக்குள் கட்டினால் யாரையும் கேட்கத் தேவையில்லை. இந்த ‘யாரையும்’ என்பதற்குள் தாம் அடங்கமாட்டோம் என்பது அயலவர்களின் வியாக்கியானம்.



முதலில் இடம். வீட்டின் முன்முகத்தைத் தாண்டிக் கொட்டில் முன்னே வரக்கூடாது. ஒரே தளம்தான், பால்கனி, விறாந்தை கிடையாது. மூல வீட்டைச் சுற்றியுள்ள நிலத்தில் பாதிக்கு மேல் கட்டடங்களால் மூடவும் கூடாது. மூல வீடு என்றால் 1948 ஜூலை 1 அன்று நின்ற வீடு. அதற்குப் பிறகு கட்டியதானால் முதன்முதலில் கட்டியபடி. முப்பது வருடத்துக்கு முன் யாரோ நீட்டிய குசினியும், அவர் மனைவி ஆசைப்பட்டுப் போட்ட கண்ணாடிக் கூடமும் இன்றைய கொட்டிலின் கணக்கில்தான் ஏறும். அடுக்குமாடியில் இருப்பவருக்கு இந்தச் சலுகையே இல்லை. பட்டியலிடப்பட்ட பழைய கட்டடத்தின் வளவென்றால் ஆணி அடிப்பதற்கு முன்பே விண்ணப்பம் எழுத உட்கார வேண்டும்.

அடுத்தது உயரம். இருபுறமும் சரிந்த கூரையானால் முகடு 4 மீட்டர் வரை போகலாம். வேறு கூரையானால் 3 மீட்டர். இறவாரம் எப்படியும் 2.5 மீட்டரைத் தாண்டக்கூடாது. இந்தத் தாராளமெல்லாம் எல்லையிலிருந்து 2 மீட்டர் தள்ளி நிற்கும் கொட்டிலுக்குத்தான். ஏதாவது ஒரு மூலை அந்த 2 மீட்டருக்குள் நுழைந்தால் கொட்டில் முழுவதுமே 2.5 மீட்டருக்குள் அடங்க வேண்டும். ஒரு மூலை செய்த குற்றத்துக்கு மற்ற மூன்று மூலைக்கும் தண்டனை.

இதனால் கொட்டில் போடுவோர் இரண்டு கட்சியாகப் பிரிகிறார்கள். முதற்கட்சி 2 மீட்டர் விட்டுக் கட்டும். லண்டன் புறநகரில் வரிசை வீட்டு வளவின் அகலமே ஆறேழு மீட்டர் இருந்தால் பெரிது. இருபுறமும் இரண்டிரண்டு மீட்டரைத் தாரை வார்த்தபின் மிஞ்சும் நடுத்துண்டில் வேலை மேசையைப் போட்டால், ஆள் பக்கவாட்டில் நண்டு நடை நடக்கலாம். விட்ட நிலத்தில் முட்செடியும் உடைந்த சைக்கிளும் சேரும். நரி குட்டி போடும். இரண்டாம் கட்சி வேலியோரமாகவே 2.5 மீட்டருக்குள் கட்டும். ஆனால் அது வெளியே எடுக்கும் அளவு. தரைச் சட்டம், தரைப் பலகை, கூரை வளை, குளிர் தாங்கும் பஞ்சு, மேலே ரப்பர் விரிப்பு எல்லாம் அதற்குள் அடக்கம். உள்ளே மிஞ்சுவது 2.1 மீட்டர் அளவில் வரும். கடையில் விற்கும் எட்டடிக்கு நாலடி ப்ளைவுட் பலகையின் நீளம் 2.44 மீட்டர். நாட்டில் எல்லோரும் வாங்கும் பலகையை நிமிர்த்தி நிறுத்த முடியாத பட்டறையைத்தான் சட்டம் மனமுவந்து அனுமதிக்கிறது. திருப்பினால் மேலே விளக்கு உடையும், படுக்க வைத்தால் கதவு மறிபடும். வெளியே வைத்து அறுக்கலாமென்றால் மழை.

அந்த 2.5 மீட்டரையும் எங்கிருந்து அளப்பது? கொட்டிலை ஒட்டிய இயற்கைத் தரையின் மிக உயர்ந்த இடத்திலிருந்து. வளவு சரிவாக இருந்தால் மேட்டுப்பக்கம் 2.5 மீட்டர் இருக்கும் கொட்டில் பள்ளப்பக்கம் 3 மீட்டர் இருக்கலாம். அதுவும் சட்டப்படி சரியே. பள்ளப்பக்கத்து அயலவர் இதை ஏற்பதில்லை. அவரிடமும் டேப் இருக்கிறது. வேலியை 2 மீட்டர் உயரம் வரை அனுமதியில்லாமலே எழுப்பலாம் என்பதால், சமதரையில் வேலிக்கு மேலே அவர் கண்ணுக்குத் தெரியக்கூடிய கொட்டில் அரை மீட்டர். அந்த அரை மீட்டர்தான் அவருடைய தக்காளியை வாட்டுகிறதாம். 1832ஆம் ஆண்டின் சட்டம் ஒன்றுண்டு: இருபது ஆண்டு தொடர்ந்து வெளிச்சம் பெற்ற ஜன்னலுக்கு அவ்வெளிச்சத்தில் உரிமை பிறக்கும். ஜன்னலுக்கு, தக்காளிக்கு அல்ல. இதை எழுதுபவரின் வீட்டுக்கு அண்மையில் கவுன்சில் கடிதமொன்று வந்ததற்கும் உயரம் பற்றிய இந்தப் பகுதி நீண்டுபோனதற்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை.

எல்லை என்பது வேறு விவகாரம். காணிப் பதிவகத்தின் வரைபடத்தில் வீட்டைச் சுற்றி ஒரு சிவப்புக் கோடு ஓடும். அது பொதுவான எல்லையையே காட்டும், துல்லியமான எல்லையை அல்ல என்று 2002ஆம் ஆண்டின் பதிவுச் சட்டமே சொல்கிறது. நகரப் பகுதிகளில் படத்தின் அளவு 1:1250. கோடு ஒரு மில்லிமீட்டர் தடித்தால் தரையில் ஒண்ணேகால் மீட்டர். ஆக 2 மீட்டர் விட்டுக் கட்டு என்ற சட்டமும், எங்கிருந்து என்று சொல்லாத வரைபடமும் ஒரே அரசாங்கத்தின் கையிலிருந்தே வருகின்றன. இடப்பக்க வேலி நம்முடையது, வலப்பக்கம் அவருடையது என்று தெருவில் சொல்வதற்கும் சட்ட ஆதாரம் இல்லை. வேலியடைப்புக்கு வேலியடைப்பு அயல் வளவுக்குள் நகரும் யாழ்ப்பாணத்துக் கதியாலைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதில் அதிசயம் ஒன்றுமில்லை. கதியாலாவது துளிர்க்கும்.

கட்டட விதிகள் பெருந்தொந்தரவு தருவதில்லை. தரைப்பரப்பு 15 சதுர மீட்டருக்குள் இருந்து, யாரும் படுத்துறங்க வசதி இல்லையென்றால் விலக்கு. 30 வரை போனால் எல்லையிலிருந்து ஒரு மீட்டராவது தள்ளியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் எளிதில் தீப்பற்றாத பொருளால் கட்ட வேண்டும். மின்சாரத்துக்குப் புதிய சர்க்கியூட் இழுத்தால் அதை முறைப்படி அறிவிக்க வேண்டும்.

பயன்பாட்டில் மட்டும் கவனம் தேவை. கொட்டில் வீட்டு வாழ்க்கைக்குத் துணையாக இருக்கலாம். தானே வீடாகக் கூடாது. சர்ரேயில் ராபர்ட் ஃபிட்லர் என்ற விவசாயி கோபுரம் வைத்த மாளிகையையே கட்டி வைக்கோல் கட்டுகளுக்குப் பின்னால் மறைத்தார். நான்கு வருடம் யாரும் கேட்காவிட்டால் வீட்டை அசைக்க முடியாது என்பது அன்றைய விதி. 2006இல் வைக்கோலை அகற்றிக் காட்டினார். மறைத்த வருடங்கள் கணக்கில் வராது என்றாகி, 2010இல் உயர்நீதிமன்றத்திலும் தோற்றார்; 2016இல் மாளிகை இடிபட்டது. 2024 ஏப்ரல் 25 முதல் அந்த நான்கு வருடம் பத்தாகிவிட்டது. இப்போது மறைப்பதானால் வைக்கோலும் கூடுதலாக வாங்க வேண்டும்.

முறைப்பாடு யாரும் கொடுக்கலாம். கொடுத்தவர் பெயரைக் கவுன்சில் வழக்கமாகச் சொல்லாது, சொல்லாவிட்டாலும் தெரியும். அளவு சரியென்றால் கோப்பு மூடப்படும். அடிக்கடி கடிதம் வரும் வீட்டார், கட்டுமுன்பே சட்டப்படியான கட்டடம் என்று ஒரு சான்றிதழ் வாங்கி வைப்பது நல்லது. கட்டணம் வழக்கமான அனுமதிக் கட்டணத்தில் பாதி. பின்னர் வீட்டை விற்கும்போது வக்கீல் கேட்கும் கேள்விக்கும் அதுவே பதில்.

அயலவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: மாடி ஜன்னலில் நின்று கண்ணால் அளக்க வேண்டாம், சட்டம் தரையிலிருந்து அளக்கச் சொல்கிறது. மணியை அழுத்தினால் டேப் இரவல் தரப்படும். போன முறை கொண்டுபோன ஏணியையும் வரும்போது எடுத்து வரவும்.