பதினொன்றா, பதிமூன்றா?

கேள்வி: ஐபேட் ப்ரோ வாங்கப் போகிறேன். 11 அங்குலமா, 13 அங்குலமா? “பெருசே எடுத்துக்கோங்க சார்” என்கிறார் கடைக்காரர்.

பதில்: வேறென்ன சொல்வார், பாவம்! 2024-இல் எம்4 சிப்போடு வந்தபோது, இந்தியாவில் சின்னதன் ஆரம்ப விலை 99,900 ரூபாய், பெரியது 1,29,900. கூடுதல் முப்பதாயிரத்துக்கு மூளை கூடுதலாக வராது. சிப், கேமரா, திரையின் கூர்மை எல்லாம் இரண்டிலும் ஒன்றே. கிடைப்பது இடம்தான், சுமார் 40 சதவீதம். கணக்குப் போட்டுப் பார்த்தேன்: சதுர அடிக்கு ஒன்றே முக்கால் லட்சத்துக்கு மேல் விழுகிறது. தி.நகரில் மனை வாங்குகிறவர்கள்கூட இந்த விலைக்குக் கொஞ்சம் யோசிப்பார்கள்.

ஆனால் படம் வரைகிறவரா நீங்கள்? விடைத்தாள் திருத்தும் பேராசிரியரா? பெரியதை யோசிக்காமல் எடுங்கள். கிட்டத்தட்ட ஏ4 தாள் அளவு என்பதால் பிடிஎஃப் பக்கத்தை இழுத்து இழுத்துப் பெரிதாக்க வேண்டியதில்லை. வேடிக்கை என்னவென்றால், பெரியதுதான் ஒல்லி: 5.1 மில்லிமீட்டர், சின்னது 5.3.

எடை மட்டும் ஏமாற்றாது. சின்னது 444 கிராம், பெரியது 579. மல்லாந்து படுத்துப் படம் பார்க்கும்போது கண் அயர்ந்தால், அந்த 135 கிராம் வித்தியாசத்தை மூக்கு துல்லியமாகச் சொல்லும்.

மேஜையில் வைத்து வேலை செய்யப் போகிறீர்கள் என்றால் 13. படுக்கை, பஸ், ரயில் என்றால் 11. மிச்சமாகும் முப்பதாயிரத்தைக் கடைக்காரர் கண்ணில் காட்டாதீர்கள். கீபோர்டு, பென்சில் என்று அடுத்த பட்டியலை எடுத்துவிடுவார்.